பின்னாடிக் கதவு

தீனா வீட்டில் தமிழ் பேச வேண்டுமென்றால் பின்னாடி போக வேண்டும்.

பின்னாடி என்றால் சமையலறையைத் தாண்டி, வாஷிங் மெஷினும் துணிக்கொடியும் இருக்கிற நாலடி இடம். மூன்று பக்கம் கம்பி வலை, ஒரு பக்கம் கதவு. தீனாவின் மனைவி கீதா பீர்க்கன்கரணையில் இருக்கும் தன் அம்மாவோடு போனில் பேச அங்கேதான் போவாள். அவள் மாமனார் லோகநாதன், கீழே நிற்கிற தண்ணி லாரிக்காரரோடு கத்துவதும் அங்கிருந்துதான். கட்டட வேலைக்கு ஜல்லி, எம்-சாண்ட் விற்கிற தீனாவே டிரைவர் யாரையாவது திட்ட வேண்டியிருந்தால் போனைக் காதில் வைத்தபடி அங்கே ஓடுவான். கதவைச் சாத்திக்கொள்வார்கள். பேசித் தீர்த்துவிட்டு ஹாலுக்கு வந்ததும் ஊமையாகிவிடுவார்கள்.

ஏனென்றால் ஹாலில் தமிழினி இருந்தாள்.

தமிழினிக்கு இரண்டு வயது ஒன்பது மாதம். 'நோ' என்பாள். 'பை' என்பாள். மற்ற எல்லாவற்றுக்கும் 'ம்' என்று விரலை நீட்டுவாள். அவ்வளவுதான்.

சட்டம் போட்டவன் தீனா. குழந்தைக்கு ஒரு வயது முடிந்த சமயம், தாம்பரத்தில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தைச் சும்மா பார்த்துவிட்டு வரப் போயிருந்தார்கள். அங்கே மேஜைக்குப் பின்னால் இருந்த பெண், "வாட் டு யூ டூ, சார்?" என்று கேட்டாள். "ஐ யாம் டூயிங் ஜல்லி," என்றான் தீனா. பக்கத்தில் காத்திருந்த கணவனும் மனைவியும் சிரிக்கவில்லை. சிரித்துவிடக் கூடாதே என்று குனிந்து தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. வழியெல்லாம் வாய் திறக்காமல் வண்டியோட்டி வந்தவன், வீட்டுப் படியேறும்போது சொன்னான்.

"இனிமே பாப்பா முன்னாடி யாரும் தமிழ் பேசக் கூடாது. இங்கிலீஷ் மட்டும்தான். நைனா, உனக்கும்தான் சொல்றேன். உன் பாஷை கொயந்தைக்குத் தொத்திக்கினா அப்புறம் மாத்தவே முடியாது."

லோகநாதனுக்கு 'அட்வான்ஸ்', 'பவர்', 'ரெஜிஸ்ட்ரேஷன்' என்று வயலை மனையாக்கி விற்ற காலத்து வார்த்தைகள் சில தெரியும். அவற்றை வைத்துக்கொண்டு பேத்தியோடு என்ன பேசுவது? கண்ணைச் சிமிட்டுவார். கையை விமானம்போல ஓட்டிக் காட்டுவார். ஏதாவது வாயில் வந்துவிட்டால் துண்டால் பொத்திக்கொண்டு பின்னாடி போய்விடுவார். புதிதாக யார் குடிவந்தாலும் இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தின் கதையை அவர் சொல்லியாக வேண்டும். மாடிப்படியில் ஏழாவது படி வரை தண்ணீர் ஏறியதும், படகு, அவர் வாயில் 'போட்டு', வந்ததும், தீனா மட்டும் ஏற மாட்டேன் என்று கேஸ் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும். அந்தக் கதையும் இப்போதெல்லாம் வாஷிங் மெஷின் பக்கத்தில்தான் நடந்தது.

கீதா பி.காம். பள்ளியில் தமிழ் மீடியம். இங்கிலீஷைப் படித்தால் அவளுக்குப் புரியும்; வாய்க்கு வரும்போது கட்டளையாக மட்டும் வரும். கம். சிட். ஈட். டோன்ட். குட் கேர்ள். கட்டளை தீர்ந்ததும் சோபாவில் சாய்ந்து புத்தகத்தைப் பிரித்துக்கொள்வாள். நூலகத்திலிருந்து எடுத்துவரும் மொழிபெயர்ப்பு நாவல்கள். பனி மூடிய ஊர்கள், நாலு நாள் நிற்காமல் ஓடும் ரயில்கள், ஒரு கடிதத்துக்காகக் கிழவியாகும் வரை காத்திருக்கும் பெண்கள். அம்மா படிப்பதைப் பார்த்துப் பார்த்துக் குழந்தைக்கும் படிப்பில் ஆசை வரும் என்று எங்கேயோ படித்திருந்தாள். அது அவளுக்கு வசதியாகவும் இருந்தது. அந்த ஊர்களில் எல்லோரும் பக்கம் பக்கமாகப் பேசினார்கள். சோபாவில் கீதாவின் உதடுகூட அசையாது.

கீழ் வீட்டில் குடியிருக்கும் நஃபீசாவின் மகன் மஹீன், தமிழினியைவிட இரண்டு மாதம் சின்னவன். மாடிப்படியில் கீதாவைக் கண்டால் போதும்.

"கீத்தா ஆன்ட்டி, உங்க வூட்ல இன்னா கொயம்பு? எங்க வூட்ல மீனு. முள்ளு கீது. நான் துப்பிட்டேன்."

கீதாவுக்குச் சிரிப்பு வராது. விரல்விட்டு எண்ணுவாள். நாலு வாக்கியம். ஒரு மூச்சில் நாலு.

"பேரு மட்டும் தமிழினி, வாயத் தொறந்தா தமிழ் வரக்கூடாது. உங்க வூட்டு நியாயம் சோக்கா கீதுக்கா," என்பாள் நஃபீசா, மகன் துப்பியதைத் துடைத்துக்கொண்டே.

கீதா அதைக் காதில் வாங்கவில்லை. அவளுடைய பயம் வேறு. குழந்தையின் முதுகுக்குப் பின்னால் நின்று தட்டைத் தரையில் போட்டுப் பார்த்தாள், தமிழினி திரும்பினாள். வேறு பக்கம் நின்று போட்டாள், திரும்பினாள். மறுநாள் திரும்பவில்லை. அன்று முழுக்க கீதா சாப்பிடவில்லை. காது டாக்டரிடம் போனார்கள். காதில் ஒரு குறையும் இல்லை என்று சீட்டு வந்தது. காதில் இல்லையென்றால் வேறு எதில்? அந்தக் கேள்வி அவளோடு எழுந்து, அவளோடு பல் தேய்த்து, அவளோடு பால் காய்ச்சியது. வரும் திங்கட்கிழமை அதே பள்ளிக்கூடத்தில் பிரீ-கேஜிக்கு நேர்காணல். குழந்தை பேர் சொல்ல வேண்டும், படம் பார்த்து நாலு பொருள் சொல்ல வேண்டும்.

காது டாக்டர் சொல்லித்தான் பல்லாவரத்தில் கிறிஸ்டினாவிடம் போனாள். மருந்துக்கடை மாடியில் ஓர் அறை வைத்து, பேச்சு தாமதப்படும் குழந்தைகளைப் பார்க்கிறவர். ஐம்பது வயதிருக்கும். குழந்தையோடு தரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் மரவளையங்களை உருட்டிவிட்டு எழுந்தார்.

"பாக்கறா, புரிஞ்சுக்கறா, கேட்டா எடுத்துத் தர்றா. இதெல்லாம் நல்லது. வீட்ல எப்படிப் பேசிப்பீங்க?"

"இங்கிலீஷ்தான் மேடம்."

"எவ்வளவு?"

கீதாவுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை.

"சரி. வீட்ல ஒரு மணி நேரம், சாதாரணமா என்ன நடக்குதோ அதை போன்ல ரெக்கார்ட் பண்ணி வெள்ளிக்கிழமை எடுத்துட்டு வாங்க. எனக்காக எதுவும் செய்யாதீங்க. நடிச்சீங்கன்னா எனக்குத் தெரிஞ்சிரும்," என்று சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை காலை தீனாவின் பழைய போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு நைட்டிப் பையில் போட்டுக்கொண்டாள் கீதா. துணி போடப் பின்னாடி போனபோது பை கனத்தது. எடுத்து மெஷின் பக்கத்து அலமாரியில் வைத்தாள். குக்கர் விசில் அடிக்க உள்ளே ஓடினாள். போன் நினைவுக்கு வந்தபோது ஒரு மணி நேரம் தாண்டியிருந்தது. அந்த வாரம் அவளுக்கு எதுதான் நினைவிருந்தது? படித்துக்கொண்டிருந்த நாவல்கூட நாளுக்கொரு தரம் காணாமல் போனது. சோபாவில் வைத்தது அழுக்குத்துணிக் கூடையில் கிடந்தது. நூலகப் புத்தகம், ஓரமெல்லாம் ஈரம் பட்டு நெளிந்திருந்தது. என் புத்திதான் எங்கேயோ போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை மதியம் குழந்தை தூங்கும்போது காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள்.

ஃபேன் ஓடியது. "கம்," என்றது ஒரு குரல். ரயில்வே அறிவிப்புக் குரல்போல, யாரையும் பார்க்காத குரல். அது தன்னுடையது என்று தெரிய அவளுக்குக் கொஞ்சம் நேரம் ஆனது. "சிட்." டம்ளர் சத்தம். "ஈட்." பிறகு ஃபேன். பிறகு, நெடுநேரம் கழித்து, ஒரு தாள் புரளும் சத்தம். மறுபடி ஃபேன். தாள். தமிழினி 'ம்' என்றாள். பதில் இல்லை. இன்னொரு தரம் 'ம்' என்றாள், சற்று ஏறிய குரலில். தாள் புரண்டது.

கீதா இருபத்திரண்டாவது நிமிடத்தில் நிறுத்தினாள். தான் சொன்ன வார்த்தைகளை எண்ணியிருந்தாள். பத்தொன்பது. அதில் ஆறு 'நோ'. மிச்சம் கேட்க என்ன இருக்கிறது? அதற்கு மேல் மெஷின் சத்தம்தான். இதைக் கொண்டுபோய் ஒருவர் கையில் கொடுத்தால், குழந்தைக்கு என்ன குறை என்று அவர் தேடமாட்டார். அம்மாவைத்தான் பார்ப்பார்.

வியாழக்கிழமை இன்னொன்று எடுத்தாள். ஆங்கிலப் படப்புத்தகங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "திஸ் இஸ் ஆன் ஆப்பிள். ஆப்பிள் இஸ் ரெட். வாட் இஸ் திஸ், பேபி? யெஸ், ஆப்பிள்!" குழந்தை ஐந்தாவது நிமிடமே எழுந்து போய்விட்டது. கீதா விடவில்லை. ஆளில்லாத பாய்க்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்தினாள்.

மாலை தீனா கேட்டுவிட்டு, பின்னாடி வந்து கதவைச் சாத்திக்கொண்டு அவளைப் பாராட்டினான். "சூப்பரா பேசிக்கிற கீதா. இதையே எடுத்துனு போ. திங்கக்கிழமைக்கும் இதே மாதிரி பேசு, போதும்."

அவன் முகத்தில் இருந்த சந்தோஷம் அவளை இன்னும் பயமுறுத்தியது.

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தை. ஸ்டேஷனிலிருந்து பழைய சைக்கிள்களையும் மீன்தொட்டிகளையும் பூச்செடிகளையும் விலக்கிக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துப் போய்ச் சேர்வதற்குள் ரவிக்கை நனைந்துவிட்டது. தமிழினி தொட்டியில் நீந்தும் மீன்களைப் பார்த்து "ம், ம்" என்றாள். கீதா "ஃபிஷ்," என்றாள். அதற்கு மேல் மீனைப் பற்றி அவளிடம் இங்கிலீஷ் இல்லை.

கிறிஸ்டினா போனை வாங்கி வியாழக்கிழமைப் பதிவை இரண்டு நிமிடம் கேட்டார். நிறுத்தினார்.

"கீதா, நீங்க நியூஸ் வாசிக்கறீங்க."

கீதா சேலை முந்தானையைச் சுருட்டினாள்.

"இன்னொண்ணும் இருக்கே, செவ்வாய்க்கிழமை தேதியில?"

"அது வேணாம் மேடம். சும்மா ஃபேன் சத்தம். பாதிக்கு மேல வாஷிங் மெஷின்தான்."

"எனக்கு ஃபேன் சத்தம் பிடிக்கும்," என்று கிறிஸ்டினா அதை அழுத்தினார்.

அந்த இருபத்திரண்டு நிமிடங்களும் கீதாவுக்கு இரண்டாம் முறை நடந்தன. இந்தத் தடவை வேறொருவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு. தாள் புரளும் ஒவ்வொரு முறையும் கிறிஸ்டினா காகிதத்தில் ஒரு சின்னக் கோடு போட்டார். தமிழினி மூலையில் வளையங்களைக் குச்சியில் மாட்டிக்கொண்டிருந்தாள். மெஷின் இரைய ஆரம்பித்தது. கிறிஸ்டினா சத்தத்தைக் குறைத்தாரே தவிர நிறுத்தவில்லை. மெஷின் இரைந்து, உதறி, ஓய்ந்தது.

டக். கதவு சாத்தும் சத்தம். கொலுசு சிணுங்கியது.

பிறகு ஒரு தாள் புரண்டது.

"தண்ணி வந்துச்சு."

கிறிஸ்டினாவின் பேனா நின்றது. தாள்.

"போட்டு வந்துச்சு." தாள். "தாத்தா ஏறு. ஏறு, ஏறு." தாள். "தீனா ஏறல. அய்யோ. சிண்டர் கீது." தாள், தாள், தாள். "இன்னா மச்சான், லாரி வர்ல? பேஜார்ப்பா."

"இது யாரு? பக்கத்து வீட்டுக் குழந்தையா?" என்றார் கிறிஸ்டினா.

"மஹீனா இருக்கும். கீழ் வீட்டுப் பையன்," என்று கீதா சொல்லி முடிக்கும் முன்னாலேயே அது மஹீன் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. மஹீன் காலில் கொலுசு கிடையாது. அந்த 'அய்யோ' அவள் அம்மாவிடம் போனில் சொல்லும் அய்யோ. சிலிண்டர் அவள் மாமனாருடைய சிலிண்டர். 'மச்சான்' அவள் புருஷன் போனில் டிரைவரைக் கூப்பிடும் மச்சான். ஈரம் பட்டு நெளிந்த புத்தகம் எப்படிக் கூடைக்குப் போனது என்பதும் தெரிந்தது. பின்னாடி துணிக் கிளிப்பை வைத்து விளையாடுகிறாள் என்றுதானே நினைத்தோம்?

மூலையில் வளையம் விழுந்தது. தமிழினி எழுந்து நின்றிருந்தாள். தன் குரல் மேஜையிலிருந்து வருவதைக் கேட்டு அவள் முகம் வெளிறியிருந்தது. ஏதோ திருடி மாட்டிக்கொண்ட மாதிரி அம்மாவைப் பார்த்தாள். அறைக் கதவு பாதி திறந்திருந்தது. ஓடிப்போய், இரண்டு கையாலும் தள்ளி, அதைச் சாத்தினாள். சாத்திவிட்டு அதில் முதுகை வைத்து நின்றாள்.

"ஏன் கதவைச் சாத்தறா?" என்று கேட்டார் கிறிஸ்டினா.

கீதா சொன்னாள். ஜல்லியிலிருந்து தொடங்கி, பின்னாடி வரைக்கும், அழாமல் சொல்ல முயன்று பாதியில் தோற்றாள்.

கிறிஸ்டினா தண்ணீர் கொடுத்தார். "நான் ஒரேயடியா எல்லாம் சரின்னு சொல்லமாட்டேன். வயசுக்கு வார்த்தை இன்னும் வரணும். ரெண்டு மாசம் வாராவாரம் வாங்க, பாப்போம். ஆனா குழந்தைங்க தமிழையும் தாங்கும், இங்கிலீஷையும் தாங்கும், ரெண்டையும் சேர்த்தும் தாங்கும். பேச்சே இல்லாததைத்தான் தாங்காது. உங்களுக்கு எது வாய் நிறைய வருதோ அதுல பேசுங்க. அவ 'ம்'னா நீங்க ஏதாவது சொல்லுங்க. புத்தகத்தை மனசுக்குள்ள படிக்காதீங்க. படத்தைக் காட்டிக் கதையடிங்க. அவதான் ஏற்கனவே அடிக்கறாளே."

ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது. குரோம்பேட்டை தாண்டியதும் கீதா சுற்றிலும் ஒரு தரம் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தாள். "பாப்பா, அங்க பாரு, பிளேன். எவ்வளவு தாழ்வா போவுது பாரு. அந்த மாமா பூ மூட்டை மேலயே தூங்கறாரு, பூவெல்லாம் நசுங்கப் போவுது..."

தமிழினி அம்மாவின் வாயையே பார்த்தாள். பிறகு ஐந்து விரலையும் விரித்து அந்த வாயைப் பொத்தினாள். பொத்திக்கொண்டே ரயில் பெட்டியைச் சுற்றிப் பார்த்தாள். எந்தக் கதவைச் சாத்துவது என்று தேடுகிறாள் என்பது கீதாவுக்குத் தாம்பரம் வந்த பிறகுதான் உறைத்தது. இரண்டு வருஷமாகப் போட்ட பூட்டு. ஒரு ரயில் பயணத்தில் திறக்குமா? திறக்காமலே போய்விட்டால்?

வீட்டில் தீனா சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தான். லோகநாதன் டிவியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாட் ஷீ டோல்ட்?" என்றான் தீனா.

"தமிழ்ல பேசச் சொன்னாங்க," என்றாள் கீதா, ஹாலின் நடுவில் நின்று, தமிழில்.

லோகநாதன் ரிமோட்டைக் கீழே வைத்தார்.

தீனா எழுந்து பின்னாடிப் பக்கம் கையைக் காட்டினான், அங்கே போய்ப் பேசலாம் என்று. கீதா நகரவில்லை. அவன் குரலைத் தாழ்த்தினான். "திங்கக்கிழமை இன்டர்வியூ. இப்பப் போய் மாத்தினா எப்படி? நான் அங்க போய் நின்ன மாதிரி எம் பொண்ணும் நிக்கணுமா? உனக்கு இன்னா, நீ புக்கு படிச்சுகினு இருந்துடுவ."

"ஆமா. இருந்துட்டேன். என் தப்பு அதுதான்."

அதற்குள் தமிழினி சோபாவிலிருந்து அந்தத் தடிப் புத்தகத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவும் அம்மாவும் ஹாலில் வைத்துப் பேசுவது அவளுக்குப் பொறுக்கவில்லை போலும். கீதாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். சமையலறையைத் தாண்டி, பின்னாடி வரைக்கும் இழுத்துப் போனாள். மெஷின் பக்கத்துச் சந்தில் உட்கார்ந்தாள். அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"சாத்து," என்றாள்.

கீதாவிடம் அவள் சொன்ன முதல் தமிழ் வார்த்தை அது. சாத்தியிருந்தால் எல்லாம் சுலபம். குழந்தை உடனே பேசியிருக்கும். ஆனால் அவள் கதவிடுக்கில் தன் காலை வைத்துக்கொண்டாள்.

"வேணாம்டா கண்ணு. தொறந்தே இருக்கட்டும்."

தமிழினி எழுந்து கதவைத் தள்ளினாள். கால் தடுத்தது. மறுபடி தள்ளினாள். கீதாவுக்குக் கட்டைவிரல் வலித்தது. காலை எடுக்கவில்லை. குழந்தையின் உதடு பிதுங்கியது. இதோ அழப்போகிறது, அழுதால் இனி இங்கேயும் பேசாது, இருந்த ஒரு இடத்தையும் நானே கெடுத்துவிட்டேன் என்று கீதா பயந்தாள்.

"இன்னாத்துக்கும்மா சாத்தணும்?" ஹாலிலிருந்து வீடே அதிரும்படி ஒரு குரல் வந்தது. லோகநாதன் இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்த குரல். "தாத்தனும் கேக்கறேன், நீ படி!"

தமிழினி திடுக்கிட்டுக் கதவிடுக்கு வழியே எட்டிப் பார்த்தாள். தாத்தாவைப் பார்க்கவில்லை. சமையலறை வாசலில் வந்து நின்ற அப்பாவைப் பார்த்தாள்.

தீனாவுக்கு எந்த மொழியிலும் ஒன்றும் வரவில்லை. பள்ளிக்கூடத்து மேஜை முன்னால் நின்றபோது இருந்த அதே முகம். குழந்தை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு, ஒரு கையால் கதவைப் பிடித்தபடி, இன்னொரு கையால் புத்தகத்தைத் தரையில் தலைகீழாக விரித்தது.

"தண்ணி வந்துச்சு," என்றது, கேட்டும் கேட்காமலும்.

தாள் புரண்டது.

"போட்டு வந்துச்சு."

தாள். விரல் அடுத்த தாளின் மேல் நின்றுவிட்டது. கண் அப்பாவிடமே இருந்தது. மேலே போகலாமா, அடிப்பாரா, கையைக் காட்டி உள்ளே போகச் சொல்வாரா?

தீனா சமையலறைத் தரையில் மெதுவாகக் குந்தினான்.

"தீனா... ஏறினானா?" என்று கேட்டான்.

தமிழினி அதை யோசித்தாள். தாளைப் புரட்டி, எழுத்துகளின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"ஏறல," என்றாள். "சிண்டர் கீது."

கதவைப் பிடித்திருந்த கையை அவள் இன்னும் எடுக்கவில்லை. கீதாவும் காலை எடுக்கவில்லை.